ஆய்வு கைவந்த மகளுக்கு அதைச் சொல்ல வரவில்லையே என வருந்தும் தாய்க்கு

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு வணக்கம்.

முதுகலை உயிர்வேதியியல் படிக்கும் உங்கள் மகள் ஆய்வகத்தில் கெட்டிக்காரி என்றாலும், கருத்தரங்கில் பேச எழுந்தால் நா உலர்ந்து நின்றுவிடுகிறாள் என்றும், அவளுடைய திட்ட அறிக்கையை வழிகாட்டிப் பேராசிரியர் இருமுறை திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றும் எழுதியிருந்தீர்கள். இது பிறவியிலேயே அமைய வேண்டிய திறமையா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, பழகினால் வரும்.

மின்சார ஆய்வுகளால் புகழ்பெற்ற ஆங்கிலேய அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே, முதலில் புத்தகம் கட்டும் தொழில் பழகியவர். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. 1812-இல் லண்டனில் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, எடுத்த குறிப்புகளைப் படங்களுடன் விரித்தெழுதி, தாமே கட்டி அவருக்கு அனுப்பினார். மறு ஆண்டே டேவியின் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. வேலையில் சேர்ந்த பின்னும், 1818-இல், பேச்சுக்கலை வகுப்புக்குப் போனார். பிற்காலத்தில் மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு சிறுவர்களுக்கு வேதியியல் சொன்ன அந்தப் பேச்சு, இப்படிப் படிப்படியாகப் பழகியதுதான்.

உங்கள் மகள் எழுத்திலிருந்து தொடங்கட்டும். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் ஒரு வாக்கியம் இது: "வெப்பநிலை அதிகரிக்கப்பட்ட நிலையில் நொதியின் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்பட்டது." எவ்வளவு வெப்பம், கூடியதா குறைந்ததா, எந்த அளவுக்கு என்ற மூன்று கேள்விகளுக்கும் இதில் விடை இல்லை. அவளுடைய அட்டவணையிலோ விடை இருக்கிறது: "40 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு உயர்த்தியபோது நொதியின் வேகம் பாதியாகக் குறைந்தது." பேராசிரியர் எதிர்பார்த்தது இந்த வாக்கியத்தைத்தான் என்று நினைக்கிறேன். 'குறிப்பிடத்தக்க' என்ற சொல்லுக்குப் புள்ளியியலில், தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு என்ற தனிப்பொருள் உண்டு என்பதால், சோதித்துப் பார்க்காமல் அதைப் போடக் கூடாது என்பதையும் அவளிடம் சொல்லுங்கள்.

அறிக்கையை முதல் பக்கத்திலிருந்தே எழுதத் தொடங்குவதால்தான் பலர் அறிமுகப் பகுதியிலேயே வாரக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள். படங்களையும் அட்டவணைகளையும் முதலில் ஒழுங்குபடுத்திக்கொண்டு, செய்முறையை எழுதி, முடிவுகளையும் விவாதத்தையும் முடித்த பிறகு அறிமுகத்துக்கு வருவது எளிது. சுருக்கத்தைக் கடைசியாக எழுதலாம்.

மேடைப் பேச்சுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கிய ஒரு போட்டியில், முனைவர் பட்ட ஆய்வை ஒரே ஸ்லைடுடன் மூன்று நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். இன்று பல நாடுகளில் அது நடக்கிறது. உங்கள் மகளும் முதலில் இந்த மூன்று நிமிடத்தைப் பழகட்டும், ஏனென்றால் தன் ஆய்வில் எது உயிர்நாடி, எதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்ய அது அவளைக் கட்டாயப்படுத்தும். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் 'முடிவுகள்' என்று தலைப்பிடாமல், அந்த ஸ்லைடு சொல்லும் முடிவையே முழு வாக்கியமாகத் தலைப்பில் எழுதலாம். வரைபடம் திரையில் வந்ததும் கிடை அச்சு எது, செங்குத்து அச்சு எது என்று சொல்லிவிட்டுத்தான் கோட்டைக் காட்ட வேண்டும். இதைச் செய்யாததால் அவையின் கவனம் சிதறுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். முழு உரையையும் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் மறந்தாலும் எல்லாம் நின்றுவிடும் என்பதால், தொடக்கத்தின் இரண்டு வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்.

ஆராய்ச்சிக்கு அப்பால் அறிவியல் இதழியல், மருத்துவ எழுத்து, காப்புரிமை ஆவணங்கள், நிதி கோரும் விண்ணப்பங்கள் என இந்தத் திறமையே வேலையாகும் துறைகளும் உண்டு. அவற்றை அவள் படிப்பு முடியும் தறுவாயில் பேசிக்கொள்ளலாம்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உயிர்வேதியியல் தெரியாத நீங்கள்தான் அவளுக்கு இப்போது வேண்டிய அவை. அடுத்த கருத்தரங்குக்கு முன் அவளை நின்றபடி, வாய்விட்டு, கடிகாரம் வைத்து உங்கள் முன் பேசச் சொல்லுங்கள். "ஏன் பயப்படுகிறாய்" என்று மட்டும் கேட்காதீர்கள். புரியாத இடம் வந்தால் கையை உயர்த்துங்கள். எந்தெந்த இடத்தில் உயர்த்தினீர்கள் என்று அவளே குறித்துவைத்து, அந்தத் தாளை என்னுடனான அடுத்த சந்திப்புக்குக் கொண்டுவரட்டும்.