சாப்பிடும் செடியிலிருந்து எடுத்த எக்ஸோசோம்தானே, அதில் அலர்ஜி வருமா?

கேள்வி இதுதான்: எனக்கு வேர்க்கடலையும் எள்ளும் ஒத்துக்கொள்ளாது. இப்போது ‘தாவர எக்ஸோசோம்’ என்று கேப்சூலும் முகத்துக்குப் போடும் சீரமும் விற்கிறார்கள். சாப்பிடும் செடியிலிருந்து எடுத்தது, அளவிலும் மிகமிகச் சிறியது, அதனால் அலர்ஜி வராது என்கிறார்கள். நம்பலாமா?

சாப்பிடும் செடி என்பது சரி, சிறியது என்பதும் சரி. ‘அதனால்’ என்று ஒரு வார்த்தையை நடுவில் போட்டிருக்கிறார்களே, அதைத்தான் நம்பாதீர்கள். வேர்க்கடலையும் சாப்பிடும் பொருள்தான், உங்களுக்கு ஆகவில்லையே. (நான் மருத்துவர் இல்லை. ஆய்வகத்தில் புரதங்களோடு மல்லுக்கட்டுகிற ஆள். அந்த அளவில் படியுங்கள்.)

செடியின் செல்கள் கொழுப்புச் சவ்வு போர்த்திய நுண்குமிழ்களை வெளியே விடுகின்றன. இவற்றைத்தான் ‘எக்ஸோசோம்’ என்று பெயர் போட்டு விற்கிறார்கள். இது புதுக் கதையும் இல்லை, கேரட் செல்களில் இப்படிக் குமிழ்கள் இருப்பதை 1967-லேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார்கள். 2013 வாக்கில் அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகத்தில் திராட்சை, கிரேப்ஃப்ரூட் குமிழ்களை வைத்துச் செய்த ஆய்வுகள் வந்த பிறகுதான் இந்தத் துறை சூடு பிடித்தது, அப்புறம் இஞ்சி, எலுமிச்சை என்று வரிசையாக வந்தன. எலுமிச்சை ஜூஸ் குடிக்கும்போதே இந்தக் குமிழ்களும் சேர்ந்துதான் உள்ளே போகின்றன, ஆகவே குமிழைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. அதோடு கூட என்ன வருகிறது, எந்த வழியாக உடம்புக்குள் போகிறது என்பதுதான் விஷயம்.

கூட என்ன வருகிறது என்பதை இஞ்சியை வைத்தே சொல்கிறேன். இஞ்சியை மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, சென்ட்ரிஃப்யூஜில் (குழாயை வேகமாகச் சுழற்றிப் பொருள்களைப் பிரிக்கும் கருவி) முதலில் மெதுவாகச் சுற்றி நார், திப்பி எல்லாவற்றையும் கழித்துவிட்டு, கடைசியில் புவியீர்ப்பைப் போல ஒரு லட்சம் மடங்கு விசையில் சுற்றினால் குழாயின் அடியில் ஒரு பொட்டு போல ஏதோ ஒட்டியிருக்கும். அதை வெவ்வேறு அடர்த்தியுள்ள சர்க்கரைக் கரைசல்களை அடுக்கிய குழாயில் ஊற்றி மறுபடி சுற்றினால், அடுக்குகளுக்கு நடுவே மங்கலான பட்டைகளாகப் பிரிந்து நிற்கும். அந்தப் பட்டைதான் சரக்கு. ஆனால் மிக்ஸியில் அடித்தபோதே செல்கள் சிதைந்துவிட்டன இல்லையா, அதனால் செல் தானாக வெளியே விட்ட குமிழ், உடைந்த சவ்வு சுருண்டு உருவான குமிழ், அவற்றின் மேல் ஒட்டிக்கொண்ட புரதம் என்று எல்லாமே கலந்துதான் கிடைக்கும். ஒழுங்காகச் செய்தாலே இந்தக் கதை. விற்பவர் அந்தச் சர்க்கரை அடுக்கு வேலையைச் செய்தாரா, இல்லை முதல் சுற்றோடு நிறுத்திவிட்டாரா என்பது லேபிளைப் பார்த்தால் தெரியாது.

அலர்ஜி தரும் புரதம் குமிழோடு சேர்ந்து வருமா என்றால், வரும். ஸ்பெயினில் ஆலிவ் மகரந்தத்தை வைத்துச் செய்த வேலை 2015-ல் வெளியானது. மகரந்தம் முளைக்கும்போது வெளிவரும் நுண்குமிழ்களிலேயே அலர்ஜிப் புரதங்கள் இருந்தன, மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களின் ஐஜிஇ எனும், அலர்ஜியைத் தூண்டும் எதிர்ப்பொருள்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டன. மகரந்தம் சாப்பாடு இல்லையே என்றால், சூரியகாந்தி விதையின் குமிழ்ப் பகுதியில் எல்டிபி எனும் கொழுப்பு கடத்தும் புரதம் இருப்பதை 2009-லேயே எழுதியிருக்கிறார்கள். எல்டிபி என்பது ஒரு பெரிய குடும்பம். மத்தியதரைக்கடல் நாடுகளில் பீச் பழம் சாப்பிட்டுச் சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகிறதே, அதற்குப் பெரும்பாலும் காரணம் இதே குடும்பத்துப் புரதம்தான். சூட்டுக்கும் அசையாது, வயிற்று அமிலத்துக்கும் அசையாது. சூரியகாந்திக் குமிழ் எல்லாருக்கும் ஆபத்து என்று நான் சொல்லவில்லை. ‘குமிழில் அலர்ஜிப் புரதம் இருக்காது’ என்ற பேச்சு எடுபடாது, அவ்வளவுதான்.

விற்பவர்கள் சொல்வதையே கொஞ்சம் கவனியுங்கள். குமிழின் உறை உள்ளே இருப்பதைக் காப்பாற்றும், வயிற்றில் செரிக்காமல் குடல் வரை போகும் என்பார்கள். நல்லது, அப்படியென்றால் உள்ளே ஒரு அலர்ஜிப் புரதம் மாட்டியிருந்தால் அதையும் அந்த உறை காப்பாற்றத்தானே செய்யும்? ஆபத்தில்லாத பல உணவுப் புரதங்களை ஆபத்தில்லாமல் வைத்திருப்பதே செரிமானம்தான். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்தவர்களிடம் உணவுக்கு எதிரான ஐஜிஇ புதிதாக உண்டாவதை வியன்னாவில் ஆய்ந்து காட்டியிருக்கிறார்கள்.

எலிக்குக் கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை என்ற வாதமும் அடிக்கடி கண்ணில் படுகிறது. எலியின் எடையையும் கல்லீரல் என்சைமையும் பார்க்கும் சோதனை அது. அந்த எலிக்கு வேர்க்கடலை அலர்ஜி கிடையாது, உங்களுக்கு இருக்கிறது.

கேப்சூலைவிட எனக்கு அதிக உறுத்தல் சீரத்தில்தான். ஜப்பானில் ஒரு முகச் சோப்பில் ஹைட்ரோலைஸ் செய்த, அதாவது சிறு துண்டுகளாக உடைத்த, கோதுமைப் புரதம் கலந்திருந்தார்கள். அதுவரை ரொட்டியும் நூடுல்ஸும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிட்டு வந்தவர்கள், அந்தச் சோப்பைப் போட்டுப் போட்டே கோதுமைக்கு ஒவ்வாதவர்களாக மாறினார்கள், சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் ஓடியாடினால் முகம் வீங்கியது, சிலருக்கு அனாஃபிலாக்சிஸ் எனும் உயிருக்கே ஆபத்தான அலர்ஜி வரை போனது. பாதிக்கப்பட்டவர்கள் 2000-க்கும் மேல். வாய் வழியாகப் போனால் உடம்பு பழகிக்கொள்ளும் அதே புரதம், தோல் வழியாகப் போனால் பகையாகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. இப்போது இந்தச் சீரங்களைப் பல இடங்களில் நுண்ணூசியால் தோலைக் குத்தி, அது ஆறும் முன்பே தடவிவிடுகிறார்கள். ‘சாப்பிடும் செடி’ என்ற சமாதானத்துக்கு அங்கே இடமே இல்லை.

எள் ஆகாது என்கிறீர்கள், அதனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயில் இருக்கும். அமெரிக்காவின் அலர்ஜி லேபிள் சட்டம்கூட மிகவும் சுத்திகரித்த எண்ணெய்க்கு மட்டும்தான் விலக்கு தருகிறது. குமிழ்ச் சரக்கும் அப்படித்தான், எவ்வளவு சுத்தம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதோடு எள்ளில் ஓலியோசின் என்று கொழுப்போடு ஒட்டியிருக்கும் அலர்ஜிப் புரதங்கள் உண்டு. தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கான சாறு பொதுவாக நீரில் கரைத்து எடுப்பது, இவை நீரில் கரையாது, அதனால் சோதனையில் ‘இல்லை’ என்று வந்தும் சாப்பிட்டால் அலர்ஜி வருபவர்கள் இருக்கிறார்கள். கொழுப்புச் சவ்வு போர்த்திய குமிழ் விஷயத்தில் இதை மறக்கக் கூடாது.

சரி, நீங்கள் என்ன செய்வது? எந்தச் செடி, அதன் எந்தப் பாகம் என்று எழுதாமல் வெறுமனே ‘தாவர எக்ஸோசோம்’ என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். விதையிலிருந்து எடுத்தது என்றால் இன்னும் உஷார், கடலை, எள், முந்திரி எல்லாமே விதைகள், செடிகள் புரதத்தைச் சேர்த்து வைப்பதும் விதையில்தான். மிச்சப் புரதத்தை அளந்தார்களா, அலர்ஜிப் புரதங்களுக்கான எலைசா சோதனை (குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று எதிர்ப்பொருளை வைத்துப் பார்ப்பது) செய்தார்களா என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், பதில் வருகிற தினுசிலேயே பாதி தெரிந்துவிடும். முன்பு எப்போதாவது மூச்சுத் திணறலோ முக வீக்கமோ வந்திருந்தால், கையில் கொஞ்சம் தடவிப் பார்க்கிறேன் என்று வீட்டில் சோதனை செய்ய வேண்டாம். அலர்ஜி மருத்துவரிடம் அந்தப் பாட்டிலையே கொண்டுபோய்க் காட்டினால், அதை வைத்தே அவர் பார்த்துச் சொல்வார்.

இஞ்சி டீயை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை.