எளிய உரைக் கோப்பிலிருந்து புத்தகம் வடிவமைக்கும்போது நான்-பிரேக்கிங் ஸ்பேஸை எங்கே, எப்படிப் போடுவது?

நான்-பிரேக்கிங் ஸ்பேஸ் என்பது வரி உடையாத இடைவெளி. அதை மூலக் கோப்பில் போடாதீர்கள். கோப்பு புத்தகமாக மாறும் வழியில் போடுங்கள்.

நோட்பேடில் தட்டிய ஏற்காடு வரலாற்றைப் பி.டி.எஃப். ஆக்கினால் இனிஷியல் ஒரு வரியின் கடைசியிலும் பெயர் அடுத்த வரியிலும் போய் விழுகிறது, ஒவ்வொரு இடமாகக் கையால் திருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேலத்தில் கோயில் மலரும் ஊர் வரலாறும் பக்கம் கட்டுவதுதான் என் பிழைப்பு, அதனால் சொல்கிறேன்: கையால் திருத்தினால் முடிவே இருக்காது. ஒரு பத்தியில் ஒரு சொல்லைச் சேர்த்தாலே வரிகள் எல்லாம் நகர்ந்து, வேறு பெயர் உடையும்.

எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் இந்த இடைவெளி 160-ஆம் எண். பார்வைக்குச் சாதாரண இடைவெளி மாதிரியேதான் இருக்கும், வரி மட்டும் அங்கே உடையாது. கண்ணுக்குத் தெரியாததுதான் வம்பே. மூலக் கோப்பில் கலந்துவிட்டால் எது எந்த இடைவெளி என்று உங்களுக்கும் தெரியாது, உங்களுக்குப் பிறகு அந்தக் கோப்பைத் தொடுகிறவருக்கும் தெரியாது. யூ.டி.எஃப்.-8 என்ற யூனிகோடு முறையில் சேமித்த கோப்பைப் பழைய விண்டோஸ் குறியாக்கத்தில் திறந்தால் தலையில் தொப்பி வைத்த ஆங்கில 'ஏ' ஒன்று ஆங்காங்கே முளைக்கும். நன்கொடையாளர் பட்டியல் எக்செல்லில் வந்தால் இன்னும் மோசம்: அதில் வேண்டாத இடைவெளிகளை நீக்கும் டிரிம் கட்டளை 160-ஐ வெட்டாது. 'கே. முருகன்' ஓரிடத்தில் 160-ஓடும் இன்னோரிடத்தில் சாதாரண இடைவெளியோடும் இருந்தால் இரண்டு பேராகக் கணக்கில் நிற்பார். ஆகவே நான் முதலில் செய்வது, வந்த கோப்பில் இருக்கும் 160 எல்லாவற்றையும் சாதாரண இடைவெளியாக மாற்றுவது.

எங்கே வேண்டும்? இனிஷியல்தான் முதலில். நம் பழக்கத்தில் அது பெயருக்கு முன்னால் வருகிறது, அதுவும் பக்கத்துக்கு நாலு வரும். பிறகு 'ரூ. 5,001', 'கி.பி. 1792', '1,515 மீ.', 'ஆடி 18'. இவ்வளவு போதும். ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்த கலெக்டர் எம். டி. காக்பர்ன் உங்கள் புத்தகத்தில் நிச்சயம் வருவார். 'எம்.டி. காக்பர்ன்' என்று இனிஷியல்களை ஒட்டி எழுதும் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் வேலை பாதியாகக் குறையும். புள்ளியை அடுத்து இடைவெளியே இல்லாமல் எழுத்து வந்தால் வரி அங்கே உடையாது.

இதையெல்லாம் தேடி மாற்ற ரீஜெக்ஸ், அதாவது எழுத்து அமைப்பைப் பார்த்துத் தேடும் விதி, எழுதும்போதுதான் தமிழ் காலை வாரும். 'சின்ன சொல், புள்ளி, இடைவெளி' என்று விதி எழுதலாம் என்று தோன்றும். 'எஸ்' என்பது யூனிகோடில் மூன்று குறிகள்: எ, ஸ, மெய்யின் மேல் வரும் புள்ளி. 'மலை' என்பதும் மூன்றுதான்: ம, ல, ஐகாரக் குறி. நீளத்தை மட்டும் பார்த்தால் 'இது சேர்வராயன் மலை. அங்கே' என்ற இடத்தில் இரண்டு வாக்கியமும் ஒட்டிக்கொள்ளும். நான் விதியை இரண்டாகப் பிரித்திருக்கிறேன். ஓர் எழுத்தும், இருந்தால் அதன் உயிர்க்குறியும் சேர்ந்தது ஒன்று: சி, டி, கே, வி, மு எல்லாம் இதில் வந்துவிடும். எம், எஸ், ஆர், என், எல், எச் மாதிரி மெய்யில் முடியும் ஆங்கில எழுத்துப் பெயர்களுக்கும், டபிள்யூ போன்ற நீளமானவற்றுக்கும் தனிப் பட்டியல். அது ஒரு டஜன் சொச்சம்தான்.

இப்படிப் பிடிபடும் துண்டுக்கு முன்னால் வரித் தொடக்கமோ இடைவெளியோ இன்னொரு இனிஷியலின் புள்ளியோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேருங்கள். இல்லையென்றால் 'வந்தது.' என்பதில் உள்ள 'து'வும் இனிஷியல் ஆகிவிடும். இதற்கு ரீஜெக்ஸில் சொல் தொடங்கும், முடியும் இடத்தைக் காட்டும் சொல் எல்லைக் குறியை நம்ப வேண்டாம். பைத்தான் நிரல்மொழியோடு வரும் ரீஜெக்ஸ் கால், கொம்பு போன்ற குறிகளை எழுத்தாக எண்ணாது, 'காபி'க்கு நடுவிலேயே எல்லை போட்டுவிடும். யூனிகோடில் 2944 முதல் 3071 வரையுள்ள தமிழ்த் தொகுதியை நீங்களே வரம்பாகக் கொடுத்துவிடுங்கள். 'வா.', 'போ.' என்று முடியும் உரையாடல்கள் அப்போதும் சிக்கும். அவற்றை ப்ரூஃபில் பார்த்துக்கொள்ளலாம்.

கருவி எதுவானாலும் சரி. பக்கம் கட்டும் மென்பொருளான லேட்டெக்கில் ~ குறி போட்டால் போதும். உரைக் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும் பான்டாக்கில் பின்சாய்கோடு போட்டு இடைவெளி விட்டால் அதுவே 160 ஆகிவிடும், லேட்டெக்குக்குப் போகும்போது ~ ஆகும். விதியை லூவா ஃபில்டராக, அதாவது மாற்றும்போதே பான்டாக் ஓட்டும் சின்ன நிரலாக, எழுதி வைத்தால் மூலக் கோப்பைத் தொடவே வேண்டாம். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் கிரெப் என்ற ரீஜெக்ஸ் தேடலிலேயே முடித்துவிடலாம். அங்கே இந்த இடைவெளி இரண்டு வகை: வரியோடு விரிவது, விரியாதது. இரு ஓரமும் சீராக வரும் பத்திக்கு விரிவதைத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்ற சொற்கள் விலகி நிற்க இனிஷியல் மட்டும் பெயரோடு நெருங்கித் தெரியும்.

அளவு மீறவும் கூடாது. 1920 நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய நம் சேலத்துக்காரர் சி. விஜயராகவாச்சாரியார் பெயரை இடம் வலமாக இரண்டு பத்தியாகப் பிரித்த பக்கத்தில் கட்டிப் பாருங்கள். 'சி.'யும் பெயரும் ஒன்றாக அடுத்த வரிக்கு இறங்கும், மேல் வரியில் மிச்சம் இருக்கும் மூன்று சொல்லுக்கு நடுவே விரலை விடலாம். முன்னால் 'திரு.' சேர்த்து அதையும் கட்டினால் கேட்கவே வேண்டாம். குறுகிய பத்தியில் நான் பெயரை ஒட்டிய கடைசி இனிஷியலை மட்டும் கட்டுவேன், 'திரு.'வை விட்டுவிடுவேன். அப்படியும் வரி இளித்தால் பெயருக்குள்ளேயே உடைய விடுவேன். தமிழ்ப் புத்தகத்தில் நீளச் சொல் நடுவில் உடைவது வாசகருக்குப் பழக்கம்தான். 'சி.' மட்டும் அநாதையாகத் தொங்குவதற்கு அது மேல்.

கல்யாணப் பத்திரிகைக்கு இந்த வேலை எதுவும் வேண்டாம். அதில் ஒவ்வொரு வரியையும் நாமேதான் உடைக்கிறோம்.