வெயில் எந்தப் பக்கம்? – வண்டிக்காரர் பதில்கள்

சித்திரை பிறந்ததிலிருந்து வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் பின்சீட்டுப் பிள்ளைகளைப் பற்றித்தான். அதனால் இந்த மாதம் டயர், கிளட்ச் கேள்விகளுக்கு விடுமுறை. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இருபது வருஷம் ராமேஸ்வரம் சவாரி ஓட்டிவிட்டு, இப்போது ராமநாதபுரத்தில் சீட் கவர் தைக்கிறவன் நான். டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. வண்டி தெரியும், இந்த ஊர் வெயில் தெரியும்.

அண்ணே, நாங்கள் தொண்டி. ஞாயிறுதோறும் ராமநாதபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போகிறோம். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்புவோம். நாலு வயது மகள் போகும்போதும் வெயில் என்று அழுகிறாள், வரும்போதும் அழுகிறாள். அவள் சீட்டை இடப்பக்கம் மாட்டியிருக்கிறோம். கண்ணாடிக்கு என்ன வாங்கி மாட்டலாம்?
– ஒரு வாசகி, தொண்டி

ஒன்றும் வாங்க வேண்டாம் தங்கச்சி. அந்தச் சீட்டைக் கழற்றி வலப்பக்கம் மாட்டுங்கள். பாதி அழுகை நின்றுவிடும்.

கணக்கு இதுதான். தொண்டியிலிருந்து ராமநாதபுரம் வரும் சாலை தெற்கே, கொஞ்சம் மேற்கே சாய்ந்து இறங்குகிறது. காலையில் தெற்கே பார்த்து வரும்போது கிழக்கு உங்களுக்கு இடது கைப்பக்கம். சாயங்காலம் வடக்கே பார்த்துத் திரும்பும்போது மேற்கும் இடது கைப்பக்கம்தான். ஆக, போகும்போதும் வரும்போதும் ஒரே கன்னத்தில் அறை வாங்குகிறாள் அந்தப் பிள்ளை. அழாமல் என்ன செய்வாள்?

இதே சாலையில் ராமநாதபுரத்திலிருந்து காலையில் தேவிபட்டினத்துக்கோ தொண்டிக்கோ கிளம்பி, சாயங்காலம் திரும்புகிறவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். இரண்டு நேரமும் வலப்பக்கம் வெயில், இடப்பக்கம் நிழல். கிளம்புவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் வாசலில் நின்று கிழக்கு எது என்று பார்த்தால் போதும். சவாரி ஓட்டின காலத்தில் நான் வயசானவர்களையும் கைப்பிள்ளைக்காரிகளையும் இப்படித்தான் இடம் மாற்றி உட்கார வைப்பேன். "டிரைவர் என்ன ஜோசியம் பார்க்கிறார்?" என்று கேட்பார்கள். உப்பூர் தாண்டுவதற்குள் புரிந்துவிடும். அங்கே இருக்கிற பிள்ளையாருக்கு வெயிலுகந்த விநாயகர் என்று பேர். அவருக்கு உகந்தது நம் பிள்ளைக்கு ஆகாது.

வலப்பக்கம் மாற்றினால் ஒரு கவனம் வேண்டும். வண்டி நிற்கும்போது அந்தக் கதவு சாலைப் பக்கம் திறக்கும். பிள்ளையை இடப்பக்கக் கதவு வழியாகவே ஏற்றி இறக்குங்கள்.

இன்னொன்று. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத்தான் பிள்ளைக்கு வெயில் அதிகம் படும் என்று பலரும் நினைக்கிறார்கள். நம் பக்கம் சித்திரை ஒன்றாம் தேதியை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். நட்டு வைத்த கம்புக்கு நிழல் தெரியாது. ஆவணியில் இன்னொரு தடவை அப்படி வரும். அந்த நேரத்து வெயில் கூரையில் இறங்கும், ஜன்னல் வழியாக உள்ளே வராது. வண்டி அடுப்பாகத்தான் இருக்கும், ஏசி அதைப் பார்த்துக்கொள்ளும். பிள்ளை முகத்தில் அடிப்பது எட்டிலிருந்து பத்து, மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை சாய்ந்து வருகிற வெயில். உங்கள் பயணம் இரண்டும் சரியாக அந்த நேரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. முடிந்தால் காலையில் ஆறரைக்கே கிளம்பிவிடுங்கள். அம்மா வீட்டில் காலைப் பலகாரம் கிடைக்காமலா போகும்?

பத்து மாதக் கைப்பிள்ளைக்குப் பின்னோக்கி உட்காரும் சீட் வாங்கியிருக்கிறோம். மண்டபத்தில் வீடு. மாமியார் சீட்டின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி மூடிவிடுகிறார். வெயில் படாது, பிள்ளையும் தூங்கும் என்கிறார். சரியா?
– ஒரு வாசகி, மண்டபம்

மாமியார் அன்பில் செய்கிறார். ஆனால் வேண்டாம். நிழல் வேறு, குளிர்ச்சி வேறு. துணிக்குள் ஏசிக் காற்று போகாது, பிள்ளை விடும் மூச்சும் உடம்புச் சூடும் வெளியே வராது. மெல்லிய துணியானாலும் மூடினால் உள்ளே புழுங்கும். அதைவிட, பிள்ளையின் முகம் உங்களுக்குத் தெரியாது. தூங்குகிறதா, சூட்டில் சோர்ந்து கிடக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? சீட்டோடு வருகிற மடக்குக் குடையைப் பாதி இழுத்துவிட்டால் போதும். பிள்ளையின் பிடரியில் விரலை வைத்துப் பாருங்கள். வியர்த்திருந்தால் சட்டையைக் கழற்றிவிட்டு, ஏசிக் காற்று பின்னால் வருகிறதா என்று பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மண்டபம் சாலை கிழக்கு மேற்காகப் போகிறது. பின்னோக்கிய சீட்டில் இருக்கிற பிள்ளை பார்ப்பது பின்கண்ணாடியை. காலையில் நீங்கள் ராமநாதபுரம் கிளம்பினால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஓட்டுகிறவருக்குக் கண் கூசாது, "இன்றைக்கு வெயில் பரவாயில்லை" என்று பாட்டுப் போட்டுக்கொண்டு போவார். அத்தனை வெயிலும் பின்கண்ணாடி வழியாகப் பிள்ளையின் முகத்தில் நேராக இறங்கிக்கொண்டிருக்கும். சாயங்காலம் ராமேஸ்வரம் நோக்கிப் போனாலும் இதே கதை. என் மகள் வீட்டுப் பேத்தியை அழைத்துவந்தபோது உச்சிப்புளி வரை வந்த பிறகுதான் இது எனக்கே உறைத்தது. வண்டியை ஓரம் கட்டி, பின்னால் போய்ப் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு கிடந்தது. இருபது வருஷ டிரைவர்!

பின்கண்ணாடிக்குச் சுருட்டி விடுகிற வலைத்திரை நல்லது. அதன் வழியாக ஓட்டுகிறவருக்குப் பின்னால் வருகிற வண்டி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது வேண்டாம்.

கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் தொல்லை விட்டதல்லவா? போலீஸ் பிடிப்பார்களா? கடைக்காரர் 'பெர்மிட் உள்ள ஃபிலிம்' என்கிறார்.
– ஒரு வாசகர், பாம்பன்

பிடிப்பார்கள் தம்பி. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆவது விதி, முன் பின் கண்ணாடிகள் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்கிறது. 2012-இல் உச்ச நீதிமன்றம் கண்ணாடியில் எந்த ஃபிலிமும் ஒட்டக் கூடாது என்று சொல்லிவிட்டது. பிற்பாடு விதி கொஞ்சம் திருத்தப்பட்டது. அதை வைத்து 2024-இல் கேரள உயர் நீதிமன்றம், அந்த 70-50 அளவுக்குள் இருக்கிற ஃபிலிமுக்கு அபராதம் போட வேண்டாம் என்றது. ஆனால் சோதனைச் சாவடியில் மத்தியான வெயிலில் நிற்கிற ஏட்டய்யாவிடம் கேரளத் தீர்ப்பை எடுத்து வாசித்துக்கொண்டிருக்கப் போகிறீர்களா? என் கடையில் நான் ஃபிலிம் ஒட்டுவதில்லை.

ஆனால் நீங்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. முன்கண்ணாடி, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து ஒட்டியது. பக்கக் கண்ணாடி, சூடேற்றி இறுக்கிய ஒற்றைக் கண்ணாடி. 2016-இல் அமெரிக்காவில் 29 கார்களை அளந்து பார்த்தார்கள். தோலுக்குள் ஆழமாக இறங்குகிற புற ஊதாக் கதிரை முன்கண்ணாடி சராசரியாக 96 விழுக்காடு தடுத்தது. பக்கக் கண்ணாடி சராசரி 71தான். சில வண்டிகளில் 44 வரை இறங்கியது. ஆக, முன்னால் உட்கார்ந்திருக்கிற நமக்கு நேரே இருக்கிற கண்ணாடி காப்பாற்றுகிறது, பின்சீட்டுப் பிள்ளையைப் பக்கக் கண்ணாடி அவ்வளவு காப்பாற்றுவதில்லை. இதற்கு ஃபிலிம் இல்லாமலே வழி உண்டு, அடுத்த பதிலைப் பாருங்கள். "பிள்ளை கறுத்துவிடும்" என்று நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். கறுத்தால் என்ன? இது நம் கடற்கரை நிறம். நான் சொல்வது கண்ணுக்காகவும் தோலின் ஆரோக்கியத்துக்காகவும்.

மகளின் மாப்பிள்ளை துபாயிலிருந்து ரப்பர் குமிழ் வைத்து ஒட்டுகிற ஜன்னல் மறைப்பு வாங்கி வந்தார். ஒட்டினால் ஏர்வாடி போவதற்குள் விழுந்துவிடுகிறது. எதிர்ப்பக்கம் காந்தம் வைத்தது வாங்கினோம், துருப்பிடித்துவிட்டது. என்னதான் செய்ய?
– ஒரு வாசகி, கீழக்கரை

குறை துபாய்ச் சாமானில் இல்லை லாத்தா, நம் காற்றில் இருக்கிறது. கடலோரத்தில் நிற்கிற வண்டியின் கண்ணாடியில் ஒரு நாளில் உப்புப் பூத்துவிடும். விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். உப்பின் மேலும் மணல் தூளின் மேலும் ரப்பர் குமிழ் எப்படிப் பிடிக்கும்? நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உள்பக்கம் துடைத்து, காய்ந்த துணியால் ஒரு முறை துடைத்து, குமிழைக் கொஞ்சம் ஈரமாக்கி அழுத்துங்கள். ஒரு நாள் தாங்கும். மறுநாள் மறுபடி அதே வேலை.

எனக்குப் பிடித்தது கதவுக்கே உறை மாதிரி மாட்டுகிற வலை. கதவைத் திறந்து, மேலிருந்து தலையணை உறை போடுவது போல ஜன்னல் சட்டத்தின் மேல் இழுத்துவிட வேண்டும். குமிழ் இல்லை, காந்தம் இல்லை, கண்ணாடியில் எதுவும் ஒட்டுவதில்லை. கண்ணாடியை இறக்கினாலும் வலை நிற்கும், காற்று வரும், கொசு வராது. வாரம் ஒரு தடவை கழற்றி நல்ல தண்ணீரில் அலசுங்கள், இல்லையென்றால் உப்பேறி விறைத்துவிடும். ஒரே குறை, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்பக்கம் சரியாகத் தெரியாது. நம் ஊர் ஆடுகளைத்தான் தெரியுமே, சரியாக அந்த மூலையில் வந்து நிற்கும். இறங்கிப் பார்த்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

துண்டைக் கண்ணாடியில் மாட்டி ஏற்றிவிடுகிற வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஒரு ஆடி மாதம், கச்சான் காற்று, பாம்பன் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருக்கிறோம். பின்சீட்டு ஜன்னலில் வீட்டுக்காரி மாட்டியிருந்த பூத்துவாலையைக் காற்று ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு போனது. நேராகப் பின்னால் பைக்கில் வந்த பையனின் முகத்தில் போய்ச் சுற்றிக்கொண்டது. பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரம் வரைக்கும் தள்ளாடிப் போய், காலை ஊன்றி நின்றான். கீழே கடல். திரும்பி ஓடிப் போய் அவன் கையைப் பிடித்தபோது என் கைதான் அதிகம் நடுங்கியது. துவாலையை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான். திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

பனை ஓலைத் தட்டி பின்னி ஜன்னலில் வைக்கலாமா? எங்கள் ஊரில் ஓலைக்குப் பஞ்சமில்லை.
– ஒரு வாசகர், சாயல்குடி

ஓடுகிற வண்டியில் வேண்டாம். சடன் பிரேக் போட்டால் விறைப்பான எதுவும் பிள்ளையின் கண்ணை நோக்கித்தான் பறக்கும். ஆனால் வண்டியை நிறுத்தி வைக்கும்போது ஓலைப்பாயைப் போல ஒன்று கிடையாது. கண்ணாடிக்கு வெளிப்பக்கம் போடுங்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அந்தச் சூடு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வெளியிலேயே தடுத்தால் அந்தப் பாடு இல்லை.

நிறுத்தின வண்டியில் என் தொழில் சம்பந்தமாக ஒன்று: கறுப்பு ரெக்சின் சீட், பெல்ட்டின் இரும்பு நாக்கு, இரண்டையும் வெள்ளைத் துண்டு போட்டு மூடிவிட்டுப் போங்கள். பேத்தியின் தொடையில் அந்த நாக்குப் பட்ட இடம் மூன்று நாள் சிவந்திருந்தது, காசு அளவுக்கு. பிள்ளையை உட்கார வைக்கும் முன் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருக்கிறதே என்று பெல்ட் போடாமல் மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பெல்ட்டோ பிள்ளைச் சீட்டோ இல்லையென்றால் 2019 சட்டத் திருத்தப்படி 1,000 ரூபாய் அபராதம். அபராதம் கிடக்கட்டும், பிரேக் போட்டால் மடி பிடிக்காது.

தனுஷ்கோடியில் பிள்ளை தூங்கிவிட்டது. கண்ணாடியை ஒரு விரல் இறக்கிவிட்டு, பத்து நிமிஷம் அரிச்சல்முனையைப் பார்த்துவிட்டு வந்தோம். வீட்டில் அதற்கு ஒரே சண்டை. தப்பா அண்ணே?
– பெயர் வேண்டாம் என்றவர்

தப்பு. வெயிலில் நிற்கிற காருக்குள் ஒரு மணி நேரத்தில் சூடு 22 டிகிரி போல ஏறும். அதில் முக்கால் பங்குக்கு மேல் முதல் அரை மணியிலேயே ஏறிவிடும். வெளியே 35 என்றால் அரை மணியில் உள்ளே 50-ஐத் தாண்டும். ஒரு விரல் இடைவெளியால் பெரிதாகக் குறையாது, இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். குழந்தை உடம்பு பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும். அங்கே இரண்டு பக்கமும் மணல், மரம் என்று பேருக்கும் கிடையாது. பத்து நிமிஷம் என்று போகிறவர்கள் பத்து நிமிஷத்தில் திரும்பி நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்ததும் பிள்ளையை உள்ளே வைக்க அவசரப்படாதீர்கள். இடப்பக்கப் பின்கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஓட்டுநர் கதவை ஐந்தாறு தடவை விசிறி மாதிரி ஆட்டுங்கள். உள்ளே அடைந்து கிடந்த சூடு அந்தப் பக்கம் வெளியேறும். அப்புறம் நாலு கண்ணாடியையும் திறந்தபடி ஏசியைப் போட்டு, இரண்டு நிமிஷம் கழித்துக் கண்ணாடியை ஏற்றுங்கள். அந்த நேரத்துக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டி நிழலில் நில்லுங்கள். கடையில் நுங்கு இருந்தால் எனக்கும் சேர்த்து ஒன்று.