ராணுவத் தலைமைப் பண்பு பள்ளிக்கு ஒத்துவருமா?

கேள்வி: ஒரு பள்ளியில் புதிதாகத் தலைமை ஆசிரியர் பொறுப்பேற்றிருக்கிறேன். 42 ஆசிரியர்கள். தாமதமாக வருவது, வகுப்பு மாறும்போது கூச்சல், எதற்கும் என் வாயைப் பார்த்து நிற்பது என்று நிறைய சிக்கல்கள். நிர்வாகம் ஒரு பயிற்சி நிறுவனத்தை அழைத்து 'ராணுவத் தலைமை' பற்றி மூன்று நாள் வகுப்பு நடத்தப் போகிறது. இது பலன் தருமா? ஆசிரியர்கள் என்னை விட்டு விலகிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: ராணுவத்திடமிருந்து பள்ளி கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் உங்கள் நிர்வாகம் விலை பேசும் மூன்று நாள் வகுப்பில் அது இருக்குமா என்பது சந்தேகம்தான். இரண்டு பக்கமும் வேலை பார்த்தவன் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வகுப்புகளில் பெரும்பாலும் விற்கப்படுவது அணிவகுப்பு மைதானம். விசில், வரிசை, உரத்த குரல், ஆசிரியர்களுக்குச் சீருடை, கடைசி நாளில் சான்றிதழோடு குழுப்படம். ஏற்பாடு செய்கிறவர் பல நேரம் வெறும் தரகர். ஓய்வுபெற்ற ஒருவரை ஒரு மணி நேரம் வீரக்கதை சொல்ல வைத்துவிட்டு, மீதி நேரத்தை விளையாட்டுகளால் நிரப்புவார். பணம் கட்டும் முன் கேளுங்கள்: பயிற்சி தருபவர் உண்மையில் எத்தனை பேரை வழிநடத்தினார்? வகுப்பு எடுக்கும் முன் உங்கள் பள்ளியில் ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்ப்பாரா? மூன்று மாதம் கழித்துத் திரும்பி வருவாரா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்பவரிடம் போகவே வேண்டாம்.

சரி, உண்மையான பாடம் எது? அணிவகுப்புக்கும் கண்டிப்புக்கும் ஐரோப்பாவிலேயே பேர் போனது, பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் படை. 1806-இல் யேனா என்ற ஊரில் நெப்போலியனிடம் அது நொறுங்கியது. மேலிருந்து உத்தரவு வரும்வரை அசையாத பழக்கம் அந்தத் தோல்விக்கு ஒரு முக்கியக் காரணம். அதன் பிறகுதான் ஷார்ன்ஹார்ஸ்ட் போன்ற தளபதிகள் படையைத் திருத்தி எழுப்பினார்கள். 1857 முதல் 1888 வரை பிரஷ்யப் படைத் தலைமையகத்தின் தலைவராக இருந்த மோல்ட்கே அந்தத் திருத்தத்தை ஒரு முறையாகவே நிலைநாட்டினார். எதைச் சாதிக்க வேண்டும், ஏன் என்பதை மேலே இருப்பவர் சொல்வார். எப்படி என்பதைக் களத்தில் நிற்பவர் முடிவெடுப்பார். பிரிட்டன், அமெரிக்கா உட்படப் பல நாட்டுப் படைகளும் இன்று இதைத்தான் கற்றுக்கொடுக்கின்றன.

உங்கள் பள்ளிக்கு இதைக் கொண்டுவருவது சுலபம். "மணி அடித்ததும் எல்லா ஆசிரியர்களும் தாழ்வாரத்தில் நிற்க வேண்டும்" என்று சுற்றறிக்கை விட்டால் நிற்பார்கள், கூச்சலும் அப்படியே இருக்கும். அதற்குப் பதில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மணி அடித்து ஐந்து நிமிடத்துக்குள் பாடம் தொடங்கிவிட வேண்டும். இப்போது ஒவ்வொரு பாடவேளையிலும் பத்து நிமிடம் போகிறது. எப்படிச் செய்வது என்பதை அந்தந்தத் தளத்து ஆசிரியர்களே பேசி வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்." ஒரு தளத்தில் பிள்ளைகளுக்குப் பதில் ஆசிரியர்கள் இடம் மாறுவார்கள். இன்னொன்றில் படிக்கட்டை ஏற ஒன்று, இறங்க ஒன்று என்று பிரிப்பார்கள். இரண்டும் சரிதான். ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று மட்டும் பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

42 பேரும் நேராக உங்களிடமே வருகிறார்கள் என்றால் அவர்கள் உங்கள் வாயைப் பார்த்து நிற்காமல் என்ன செய்வார்கள்? ஒருவர் நேரடியாகக் கவனிக்கக்கூடியது 3 முதல் 6 பேரை என்று பிரிட்டிஷ் ஜெனரல் இயன் ஹாமில்டன் 1921-இலேயே எழுதினார். ஆசிரியர்களிலேயே ஆறு ஒருங்கிணைப்பாளர்களை நியமியுங்கள். விடுப்பு, பாடவேளை மாற்றம் போன்றவற்றில் அவர்கள் சொல்வதே முடிவு. அதை நீங்கள் மாற்றினால் அடுத்த நாளே பழையபடி எல்லோரும் உங்கள் அறை வாசலில் நிற்பார்கள்.

அப்புறம், வேலை முடிந்ததும் உட்கார்ந்து பேசுவது. அமெரிக்கத் தரைப்படை 1980-களில் கலிபோர்னியாவின் ஃபோர்ட் இர்வின் பயிற்சிக் களத்தில் இதை வழக்கமாக்கியது. மாதிரிப் போர் முடிந்ததும் பதவி பார்க்காமல் எல்லோரும் பேசுவார்கள். என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை எதை மாற்றுவோம், அவ்வளவுதான். பெற்றோர் கூட்டம் முடிந்த அன்று மாலையே இருபது நிமிடம் இதைச் செய்யுங்கள். படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டதை வாயிற்காவலர்தான் பார்த்திருப்பார்; அவரையும் உட்கார வையுங்கள். இளையவர் முதலில் பேசட்டும், நீங்கள் கடைசியில் பேசுங்கள். அங்கே சொன்னதை ஒரே ஒரு தடவை யாருடைய பணி மதிப்பீட்டிலாவது சேர்த்தீர்கள் என்றால், அடுத்த கூட்டத்தில் "எல்லாம் நன்றாக நடந்தது" என்பதைத் தவிர வேறு எதுவும் காதில் விழாது.

இதற்கெல்லாம் ஒரு விதிவிலக்கு உண்டு: உயிருக்கு ஆபத்து. தீ, எரிவாயு வாடை, காணாமல் போன குழந்தை. அங்கே கலந்தாலோசனை கிடையாது. ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர்கள் உடனே செய்ய வேண்டும். அந்த ஒருவர் யார்? நீங்கள் வெளியே போயிருந்தால் யார், அவரும் இல்லையென்றால் யார் என்பது இன்றே எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டோடு வெளியேறுவது, பைக்காகத் திரும்பி ஓடும் பிள்ளையைத் தடுப்பது, கூடும் இடத்தில் தலை எண்ணி உரக்கச் சொல்வது, கழிவறையைக் கடைசியாகப் பார்ப்பது எல்லாம் திரும்பத் திரும்பப் பழகியிருக்க வேண்டும். முன்கூட்டியே சொல்லிவிட்டு நடத்தும் ஒத்திகை மட்டும் போதாது. மதிய இடைவேளையில் ஒரு தடவை நடத்துங்கள். பிள்ளைகள் வகுப்பில் இல்லாத நேரத்தில்தான் கணக்கு தப்பும். ஆபத்து நீங்கியதும் உத்தரவுக் குரலும் நிற்க வேண்டும். ஆய்வுக்கு அதிகாரி வரும் நாள் ஆபத்து நாள் இல்லை.

இதில் எனக்குப் பொறுக்காத ஒன்று உண்டு. ராணுவத்தில் ஒவ்வொரு பொறுப்புக்கும் தனித்தனிப் பயிற்சி உண்டு. பள்ளியிலோ நன்றாகப் பாடம் நடத்தியவரை ஒரு நாள் காலையில் நாற்காலியில் உட்கார வைத்துச் சாவிக்கொத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அதோடு ஒரே விவரத்தை மூன்று படிவங்களில் கேட்கிறார்கள். பிறகு தலைமை சரியில்லை என்கிறார்கள். அந்தப் படிவங்களில் முடிந்ததை அலுவலகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆசிரியர் மேசைக்குப் போக விடாதீர்கள். அவர்கள் உங்களை விட்டு விலகாமல் இருக்க இது ஒன்றே பாதி உதவும்.

நிர்வாகம் பணம் கட்டிவிட்டது, தவிர்க்க முடியாது என்றால், மூன்று நாளில் ஒன்றைத் தீ ஒத்திகைக்கும் இன்னொன்றை வேலை முடிந்ததும் உட்கார்ந்து பேசும் அந்த நான்கு கேள்விகளுக்கும் கேட்டு வாங்குங்கள். மூன்றாம் நாள் பயிற்சியாளர் தாழ்வாரத்தில் நின்று வகுப்பு மாறுவதைப் பார்த்துவிட்டு, ஆசிரியர்கள் சொல்வதைக் குறிப்பெடுக்கட்டும்.