ஒரே கணினியில் இரண்டு சிக்வின் டிஎல்எல் இருந்தால்?

காரைக்குடி வாசகர் ஒருவரின் கேள்வி: குடும்பத்தின் பழைய பர்மா, மலாயா கணக்குப் பேரேடுகளை ஸ்கேன் செய்து, ஒரு பேக்கப் மென்பொருளோடு வந்த ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் மூலம் வேறொரு வட்டில் நகலெடுத்து வந்தார். அப்புறம் யூனிக்ஸ் நிரல்களை விண்டோஸில் ஓட்ட உதவும் சிக்வின் நிறுவினார். இப்போது சிக்வினில் கட்டளைகளை அடிக்கும் பாஷ் திரையில் ஆர்சிங்க் என்று அடித்தால் ‘சிக்ஹீப் பேஸ் மிஸ்மேட்ச்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது.

உங்கள் படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரச்சினை சிக்வின்1.டிஎல்எல் என்ற ஒரே கோப்பில்தான் (டிஎல்எல் என்பது பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கோப்பு). யூனிக்ஸ் நிரல்கள் எதிர்பார்க்கும் வசதிகளை விண்டோஸில் உருவாக்கித் தருவது அதுதான். பாஷ் ஒரு நிரலைத் தொடங்கும்போது, தாய்ச் செயல்முறையின் நினைவக விவரங்களைச் சேய்க்குக் கொடுக்கிறது. இரண்டும் ஒரே டிஎல்எல்லைப் பயன்படுத்தினால்தான் அது கைகூடும். உங்கள் பாஷ் புதிய டிஎல்எல்லில் ஓடுகிறது. பேக்கப் மென்பொருளின் ஆர்சிங்க், தன் ஃபோல்டரில் உள்ள பழைய டிஎல்எல்லை எடுத்துக்கொள்கிறது. ஒரு கடைக்கு இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஆளுக்கொரு பேரேடு எழுதினால் இருப்பு எப்படி ஒத்துப்போகும்?

முதலில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து (பவர்ஷெல் வேண்டாம், அங்கே இந்தச் சொல்லுக்கு வேறு வேலை) ‘வேர் ஆர்சிங்க்’ என்று தேடுங்கள். பாத் வரிசையில், அதாவது நிரல்களை விண்டோஸ் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலில், எந்த ஆர்சிங்க் முன்னால் நிற்கிறது என்று தெரிந்துவிடும். பாத்தில் இல்லாத டிஎல்எல் பிரதிகளையும் பிடிக்க, அதே ‘வேர்’ கட்டளையோடு /ஆர் சேர்த்து, சிக்வின்1.டிஎல்எல் என்ற பெயரை சி டிரைவ் முழுவதும் தேடுங்கள்.

சிஸ்டம்32 ஃபோல்டரில் ஒரு பிரதி கிடைத்தால் அதுதான் பெரிய ஆபத்து. விண்டோஸ் முதலில் நிரலின் சொந்த ஃபோல்டரில் தேடும், அடுத்து சிஸ்டம்32, பாத் கடைசியில்தான். அதனால் சிக்வினின் ‘பின்’ (bin) ஃபோல்டருக்கு வெளியே, தன் ஃபோல்டரில் சொந்தப் பிரதி இல்லாமல் இருக்கும் சிக்வின் நிரல்கள் எல்லாம் அந்தப் பிரதியிடம் மாட்டும். அதை எடுத்துவிடுங்கள். ‘டிஎல்எல் காணவில்லை’ என்று வந்ததும் இணையத்தில் இறக்கி அங்கே போடும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பேக்கப் மென்பொருளுக்குள் இருக்கும் டிஎல்எல்லை அழிக்காதீர்கள், அது இல்லாமல் அந்த மென்பொருள் ஓடாது. விண்டோஸ் அமைப்புகளில் உள்ள என்விரான்மென்ட் வேரியபிள்ஸில் போய், பாத்திலிருந்து அதன் ஃபோல்டரை மட்டும் நீக்கினால் போதும். சிக்வின் செட்டப்பை மீண்டும் ஓட்டி ஆர்சிங்கை அங்கிருந்தே நிறுவுங்கள். அதற்கு முன் பாஷ் திரைகளையும், பின்னணியில் ஓடும் சிக்வின் சேவைகளையும் மூடிவிடுங்கள். திறந்திருந்தால் டிஎல்எல்லை மாற்ற முடியாது. முடிந்ததும் புதிய திரையைத் திறங்கள். பழைய திரைக்குப் பழைய பாத்தே நினைவிருக்கும்.

இதற்குப் பிறகும், ஒரு நிரல் இன்னொன்றைத் தொடங்கும்போது ‘ஃபோர்க்’ பிழை வந்தால், ஆன்டிவைரஸ் தன் டிஎல்எல்லை உள்ளே நுழைக்கிறதா என்று பாருங்கள்.

வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் கணினிக்கு எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாகப் பேரேடுகளை அனுப்பப் போகிறீர்கள் என்றால், அதற்கான ஓபன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளையும் சிக்வினிலிருந்தே எடுங்கள். விண்டோஸோடு வரும் எஸ்எஸ்ஹெச்சை சிக்வின் ஆர்சிங்கோடு சேர்த்தால் ‘கோட் 12’ என்ற பிழையோடு இணைப்பு அறுந்துபோகும்.