இடைக்கால இங்கிலாந்தின் பிரபு வில்லியம் மார்ஷலுக்கு ஐந்து மகன்கள் இருந்தும் வம்சம் அற்றது எப்படி? இந்தக் குடும்பத்தின் கொடிவழியைச் சரியாக வரைவது எப்படி?

அற்றது ஆண்வழி மட்டும்தான். ஐந்து மகள்கள் வழியாக அந்த இரத்தம் இங்கிலாந்தின் பெரிய குடும்பங்களில் பாதிக்குள் போய்ச் சேர்ந்தது. அதனால் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் 1245-ல் முட்டி நிற்பீர்கள். நிலம் யார் கைக்குப் போனது என்று பாருங்கள். கொடிவழி தானே விரியும்.

மார்ஷல் இளைய மகன், சொத்தில்லாதவர். 1189-ல் இசபெல் டி கிளேரை மணந்தார். இசபெல், ஸ்ட்ராங்போ என்ற ரிச்சர்ட் டி கிளேருக்கும் அயர்லாந்தின் லீன்ஸ்டர் மன்னர் மகள் ஈஃபாவுக்கும் பிறந்தவர். வேல்ஸ் எல்லையிலுள்ள செப்ஸ்டோவும் லீன்ஸ்டரும் அவர் வழி வந்தவை. பெம்ப்ரோக் பிரபுப் பட்டமும் அந்த உரிமையில்தான் 1199-ல் கிடைத்தது. ஆகவே மரத்தின் உச்சியில் கணவன், மனைவி இருவரையும் போடுங்கள். மார்ஷலை மட்டும் போட்டால் சொத்தின் பாதை புரியாது.

மார்ஷல் 1219-ல் இறந்தார். பிறகு மகன்கள் வரிசையாகப் பட்டத்துக்கு வந்தார்கள்: வில்லியம் (இறப்பு 1231), ரிச்சர்ட் (1234, அயர்லாந்தில் சண்டையில் பட்ட காயத்தால்), கில்பர்ட் (1241, குதிரைப் போட்டியில்), வால்டர் (1245 நவம்பர்). கடைசி மகன் ஆன்செல்ம் அடுத்த மாதமே இறந்தார். யாருக்கும் சட்டப்படியான பிள்ளை இல்லை.

அக்காலச் சட்டப்படி மகன் இருந்தால் நிலம் முழுதும் மூத்தவனுக்கு. மகன் இல்லையென்றால் மகள்களுக்குச் சம பங்கு, மூத்தவளுக்கு நிலத்தில் கூடுதல் பங்கு இல்லை. இறந்துபோன மகளின் பங்கு அவள் பிள்ளைகளுக்கு. 1247-ல் பாகம் பிரித்தபோது ஐந்து சகோதரிகளில் மாட் மட்டுமே உயிரோடு இருந்தார். அவருக்குச் செப்ஸ்டோவும் லீன்ஸ்டரின் கார்லோவும். குடும்பத்துக்குப் பெயர் தந்த, அரசரின் மார்ஷல் என்ற பதவியும் அவர் வழியாகப் பிகோட் குடும்பத்துக்குப் போனது. தாயின் பெயரையே கொண்ட மகள் இசபெலின் மகன் ரிச்சர்ட் டி கிளேருக்கு (ஸ்ட்ராங்போ அல்ல, அதே பெயருள்ள வேறொருவர்) கில்கென்னி. ஜோனின் வெக்ஸ்ஃபோர்டும் பெம்ப்ரோக்கும் அவர் மகள் மூலம் மன்னர் மூன்றாம் ஹென்றியின் (தாய் ஒன்று, தந்தை வேறு) சகோதரர் வில்லியம் டி வாலன்ஸுக்கு. ஈவாவின் பங்கு டி பிரயோஸ் மகள்கள் வழி மார்ட்டிமர், கான்டிலூப், போஹன் குடும்பங்களுக்கு.

சிபிலின் பங்கான கில்டேர்தான் கணக்கைச் சிக்கலாக்குவது. ஃபெரர்ஸ் பிரபுவுக்கு வாழ்க்கைப்பட்ட அவருக்கு ஏழு மகள்கள். ஐந்தில் ஒன்றை ஏழாகப் பிரித்தால் ஆளுக்கு 35-ல் 1 பங்கு. பிற்கால ஆவணத்தில் ஒரு கிராமத்தில் இப்படி ஒரு சின்னப் பின்னம் தென்பட்டால் ஃபெரர்ஸ் மகள்களைத் தேடுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல தடயம் கிடையாது.

பலர் தடுக்கி விழும் இடம் மார்கரெட் டி குவின்சி. அந்தப் பெயரில் இரண்டு பேர், பெரியப்பா, சித்தப்பா மகள்கள். ஒருவர் ராபர்ட்டின் மகள், லிங்கன் சீமாட்டி, வால்டர் மார்ஷலின் மனைவி. மற்றவர் ராபர்ட்டின் தம்பி ரோஜரின் மகள். சிபில் இறந்தபின் ஃபெரர்ஸுக்கு இரண்டாம் தாரமானவர். பிற்பாடு சிபிலின் மகள் எலனோர், அதே ரோஜருக்கு மனைவியானார். ஆக இந்த மார்கரெட் எலனோருக்கு மாற்றாந்தாய், எலனோர் மார்கரெட்டுக்கு மாற்றாந்தாய்! கொடிவழி வரையும் மென்பொருள் இதைப் பிழை என்று எச்சரித்தாலும் திருத்திவிடாதீர்கள், உறவு உண்மை. பெயரை மட்டும் எழுதாமல் தந்தை பெயரையும் ஒவ்வொரு கணவர் பெயரையும் சேர்த்து எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

விதவைப் பங்கையும் மறக்கக் கூடாது. கணவன் நிலத்தில் மூன்றில் ஒன்று மனைவிக்கு, அவள் ஆயுள் வரைக்கும். மார்ஷலின் மூத்த மகன் வில்லியத்தின் விதவை பெயரும் எலனோர்தான், இவர் மன்னர் ஹென்றியின் தங்கை. 1238-ல் சைமன் டி மான்ட்ஃபோர்ட்டை மறுமணம் செய்த பிறகும் தன் பங்குக்காகப் பல ஆண்டுகள் வழக்காடினார். மார்ஷல் நிலத்தில் மான்ட்ஃபோர்ட் பெயர் வருவது இதனால்தான். மான்ட்ஃபோர்ட்டை வாரிசாக எழுதுவது தவறு.

ஆதாரத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது, நிலக்காரர் இறந்ததும் மன்னரின் அதிகாரி ஊர்க்காரர்களைச் சாட்சியாக வைத்து நடத்திய விசாரணைப் பதிவுகள். மூன்றாம் ஹென்றி காலத்தவை லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சி 132 என்ற வரிசையில் உள்ளன. அச்சிட்ட சுருக்கங்களும் உண்டு. நிலம், இறந்த நாள், அடுத்த வாரிசு, அவர் வயது ஆகியவை அதில் வரும். வாரிசு தவிர மற்றப் பிள்ளைகள் வரமாட்டார்கள்; எனவே பெயர் இல்லாததால் தம்பி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். '30-க்கு மேல்' என்ற வயது வெறும் ஊகம், அதிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்து எடுக்கக் கூடாது. தேதிகள் ஆட்சியாண்டில் இருக்கும்: ஹென்றியின் ஆண்டு அக்டோபர் 28-ல் தொடங்கும், 31-ஆம் ஆண்டு என்பது 1246 அக்டோபர் 28 முதல் 1247 அக்டோபர் 27 வரை. இதைக் கவனிக்காமல் மாற்றினால் ஓர் ஆண்டு தவறிப்போய், இறந்தவர் பாகப்பிரிவினையில் பங்கு வாங்கியதாக மரத்தில் நிற்பார்.