24 வோல்ட் டாரஸ் லாரியில் ஹாம் ரேடியோவுக்குக் கரன்ட் எங்கிருந்து எடுப்பது?

பழைய டாரஸ் லாரி வாங்கியிருக்கிறீர்கள், ஹாம் (பொழுதுபோக்கு வயர்லெஸ்) லைசென்ஸ் இருக்கிறது, வண்டியில் மாட்டும் 50 வாட் விஎச்எஃப் வயர்லெஸ் செட்டும் கையில் இருக்கிறது. "ரெண்டு பேட்டரியில ஒண்ணுல இருந்து 12 வோல்ட் எடுத்துக்கலாம்" என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து செய்யாதீர்கள். திருவொற்றியூரில் எங்கள் சித்தப்பாவின் லாரியில் அப்படித்தான் செய்தோம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் இரவுகளில் எஞ்சின் ஆஃப், ரேடியோ மட்டும் ஆன். எட்டு மாதத்தில் இரண்டு பேட்டரியும் போய்விட்டன. காரணம் எளிது. இரண்டும் தொடரில் (ஒன்றன்பின் ஒன்றாக) இருப்பதால் ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சினோடு ஓடி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோ, அனுப்பும் அதே கரன்ட்தான் இரண்டிலும் ஓடும். ரேடியோ மாட்டிய பேட்டரி மட்டும் கூடுதலாகக் காலியாகும், அது நிரம்பவே நிரம்பாது. ஆல்டர்னேட்டருக்குத் தெரிவது மொத்தம் 28 வோல்ட் மட்டும்தான். ஒன்று 12.5-இல் கிடந்தால் மற்றதன் தலையில் 15.5 ஏறும். ஒன்று பட்டினி கிடக்க, இன்னொன்றில் தண்ணீர் கொதித்து வற்றும். செல்ஃப் அடிக்கும்போதுதான் நமக்கு விஷயமே தெரியவரும்.

24-இலிருந்து, 12 வோல்ட் செட்டுகள் கேட்கும் 13.8 வோல்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்குங்கள். 50 வாட் செட் பேசும்போது பத்து ஆம்ப் வரை இழுக்கும், அதனால் 20 ஆம்ப் கன்வெர்ட்டராக இருக்கட்டும். மலிவான கன்வெர்ட்டர்கள் ரேடியோவில் இரைச்சலைக் கொட்டும். வாங்கும் முன் செட்டோடு சேர்த்து ஓட்டிக் கேட்டுப் பாருங்கள்.

கன்வெர்ட்டரை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பேட்டரிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், கேபினில் செட்டின் பக்கத்தில் வையுங்கள். அதே வேலைக்கு 24 வோல்ட் பக்கம் சுமார் ஆறு ஆம்ப்தான் ஓடும், 12 வோல்ட் பக்கம் பத்து. நீளமான வயர் 24 பக்கம் இருந்தால் இழப்பு குறைவு. 1 சதுர மில்லி வயரில் ஐந்து மீட்டர் போய் ஐந்து மீட்டர் திரும்பினால், பத்து ஆம்ப்புக்கு ஏறக்குறைய 1.8 வோல்ட் போய்விடும். 4 சதுர மில்லி போட்டு, 24 பக்கமாக இழுத்தால் கால் வோல்ட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பாசிட்டிவில் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்ப் ஃபியூஸ் கட்டாயம். சேஸிஸில் வயர் உரசித் தேய்ந்தால் லாரியைக் காப்பாற்றப் போவது அந்த ஃபியூஸ்தான். காத்திருக்கும் நேரத்தில் கன்வெர்ட்டர் சும்மா கரன்ட் குடிக்காமல் இருக்க, சாவியோடு வேலை செய்யும் ரிலே வழியாகக் கொடுங்கள்.

அப்புறம் எர்த். பழைய லாரி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நெகட்டிவ் வயரை நேராக பேட்டரி முனையில் மாட்டாதீர்கள். பேட்டரியை மொத்தமாகத் துண்டிக்கும் கட் ஆஃப் சுவிட்ச் நெகட்டிவில் இருந்தால், நீங்கள் போட்ட வயர் அதைத் தாண்டிப் போய்விடும். பேட்டரியின் எர்த் பட்டை துருப்பிடித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்ப் திரும்ப வழி தேடி உங்கள் மெல்லிய வயரிலும் ஆன்டெனா கேபிளின் வலையிலும் பாயும். எங்கள் லாரியில் ஒருநாள் ரப்பர் உருகும் வாசனை வந்தது இதனால்தான். பேட்டரியின் எர்த் பட்டை சேஸிஸில் முடியும் போல்ட்டிலேயே உங்கள் நெகட்டிவையும் சேருங்கள். அதற்கு முன் பட்டையைக் கழற்றி, இரும்பு பளபளக்கும் வரை உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள்.

எண்ணூர், காசிமேடு பக்கம் ஓடும் வண்டி என்றால் கடல் காற்று செம்பை ஆறே மாதத்தில் பச்சையாக்கிவிடும். முறுக்கிய வயரில் டேப் சுற்றுவது இங்கே செல்லாது. வயர் முனையில் லக் (உலோக முனை) வைத்து அழுத்திக் கிரிம்ப் செய்து, மேலே கிரீஸ் தடவுங்கள்.

ஆன்டெனா கால் அலை (அலைநீளத்தில் கால் பங்கு) என்றால் 145 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 49 செ.மீ. கம்பி. அதன் அடியில் இரும்புத் தகடு வேண்டும். பாடி பில்டர் மரச்சட்டத்தில் கட்டிய கேபின் என்றால், தகடு சேஸிஸோடு தொடர்பில் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா செட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு) 1.5-க்குள் வரும் வரை கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள்.

லைசென்ஸ் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. உரிமம் இல்லாத டிரைவரிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், லோடு விஷயமும் அதில் பேசக் கூடாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்துச் செல்போன் படுத்த நாட்களை நினைத்துப் பாருங்கள். அந்த மாதிரி நாளுக்காகத்தான் நான் இன்றும் செட்டைக் கழற்றாமல் வைத்திருக்கிறேன்.

எல்லாம் முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, மைக்கை அழுத்தியபடி செட்டின் பின்பக்கம் வோல்ட் பாருங்கள். 13-க்குக் கீழே இறங்கினால் செட்டைப் பிரிக்க வேண்டாம், முதலில் கன்வெர்ட்டரிலிருந்து செட்டுக்கு வரும் வயரையும் அந்த எர்த் போல்ட்டையும் பாருங்கள்.